காலை ஒன்பதேகாலுக்கு என்ன தெரியும்?

போன மாதம், இந்த வேலைக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து, "மேடம், பங்குச் சந்தைக்கு புரோகிராம் எழுத எந்த மொழிங்க நல்லது? ஒரே வார்த்தையில சொல்லிருங்க" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்? "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. பாவம், வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை. அந்த வயதில் நானும் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில்தான் பதில் வைத்திருந்தேன். ஐம்பது வயது தாண்டியும் வைத்திருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. அந்தக் கதையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இருபத்திரண்டு வருடம் சேலம் அம்மாபேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். பங்கு வாங்கி விற்கிறவர்கள் தங்கள் விதியோடு எங்களிடம் வருவார்கள். "இது இப்படி ஏறினால் வாங்கணும், அப்படி இறங்கினால் விற்கணும்" என்பார்கள். நாங்கள் அதை ஸ்கிரிப்டாக எழுதி, பழைய வருடங்களின் விலையில் ஓட்டிப் பார்த்து, லாபம் வந்திருக்குமா நஷ்டம் வந்திருக்குமா என்று காட்டுவோம். அவர்களுக்குத் திருப்தி என்றால் அவர்கள் கணக்கோடு இணைத்துவிடுவோம். அப்புறம் அது தானாக வாங்கும், தானாக விற்கும்.

எழுத மூன்று வழி இருந்தது. ஒன்று, எக்செல் விரிதாளில் மேக்ரோ. அதைப் பற்றிப் பேச மாட்டேன், இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரண்டாவது, சார்ட் மென்பொருளோடு கூடவே வரும் சூத்திர மொழி. மூன்றாவது, பைதான் என்கிற பொதுவான கணினி மொழி. நான் சூத்திர மொழிக் கட்சி. வெறிபிடித்த கட்சி என்றே சொல்லலாம். காரணம் எளிது. பத்து வருட விலையையும் மொத்தமாக ஒரே வாயில் விழுங்கி, ஏழு வரியில் பதிலைத் துப்பிவிடும். பைதானில் அதையே எழுத எங்கள் ஆத்தூர்க்காரருக்கு எழுபது வரி வேண்டும்.

ஆத்தூர்க்காரர் என்று நான் சொல்வது என் எதிர் மேசைக்காரரை. என்னைவிட ஐந்து வயது இளையவர், எனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவர். பேச்சு குறைவு. நான் கேலி செய்தால் கோபப்படவும் தெரியாது. "என்னங்க, மகாபாரதம் எத்தனாவது பர்வம் போகுது?" என்று அவர் திரையை எட்டிப் பார்ப்பேன். "எழுதி ஆவணும் இல்லீங்களா" என்பார். அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் புதுச்சத்திரத்திலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவர். என் பிறந்த வீடும் நாமக்கல் பக்கம், அதுவும் முட்டைக்கோழிப் பண்ணை வைத்த வீடு. பேச்சு கொடுத்த இரண்டாவது நிமிடமே, "அட, அவங்க ஊட்டுப் புள்ளயா நீயி?" என்று சொந்தம் கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து நான் அவருக்கு அம்மிணி, அவர் எனக்கு அண்ணா. முதலாளியிடம்கூட, "அம்மிணி சொன்னாச் சரிங்க" என்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருக்கு இந்த வேலை விளையாட்டு இல்லை. மனைவிக்கு மூச்சுத் தொந்தரவு. தீவனத் தூசியும் கோழி இறகும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடும் பண்ணையும் ஒரே தோட்டத்தில், நூறடி தூரத்தில். வீட்டை ஒட்டி இருக்கிற பெரிய ஷெட்டில் வயதான கோழிகளைக் கழித்து விற்றுவிட்டு, அதைக் காலியாகவே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் குடும்பம் நடக்க வேண்டுமே. குஞ்சுக்கும் தீவனத்துக்கும் போடுகிற பணத்தை இந்த முறையில் போட்டால் ஷெட்டுக்குப் பதில் இது ஓடும் என்பது அவர் கணக்கு. ஹேச்சரியில் புதுக் குஞ்சுகளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். எடுக்கிறாரா இல்லையா என்று ஒரு சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். விட்டால் அடுத்த முறை வர பத்து வாரம் ஆகும்.

"நீ ஓட்டிப் பாத்துச் சொல்லு சாமி. நல்லா இருக்குதுன்னா குஞ்சு வேண்டாம்னு சொல்லிப்போடறேன். என்ற ஊட்டுக்காரி மூச்சு விட்டாப் போதும்" என்றார்.

அவர் விதி சின்னது. ஒரு பங்கின் அன்றைய முடிவு விலை, கடந்த இருபது நாள் சராசரியைத் தாண்டினால் காலையில் வாங்க வேண்டும். கீழே போனால் காலையில் விற்க வேண்டும். நான் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதினேன். ஏழு வரி. மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு: விதி பொருந்தி எத்தனை நாள் தள்ளி வாங்குவது என்று கேட்கும். பூஜ்யம் போட்டேன். அவருக்குப் படித்தும் காட்டினேன். "அன்னைக்கு விலை ஏறியிருந்தா அன்னைக்குக் காலையிலயே வாங்கிரும்ங்ணா." அவரும், "ஆமா, அப்பறம் எப்பத்த வாங்கறது?" என்றார்.

ஓட்டினேன். லாபக் கோடு ஏற்காடு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து மேலேயே போயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முதலாளி எல்லாருக்கும் போண்டா வாங்கிவரச் சொன்னார். நான் ஆத்தூர்க்காரரைப் பார்த்து, "ஏழு வரிங்க" என்று விரலைக் காட்டினேன். சின்னப்பிள்ளைத்தனம்தான், என்ன செய்வது.

ஆனால் கணக்கோடு இணைக்கிற வேலைக்கு பைதான்தான் தோது என்று முதலாளி நினைத்தார். சார்ட் மென்பொருள் என்றால் ஒரு கணினியைத் திறந்து வைத்தபடியே இருக்க வேண்டும், கரண்ட் போனால் போச்சு. ஆகவே அதே விதியை ஆத்தூர்க்காரர் பைதானில் எழுதட்டும், இரண்டும் ஒன்றாக வந்தால் திங்கட்கிழமை இணைத்துவிடலாம் என்றார். ஆத்தூர்க்காரர் புதன்கிழமை முடித்து ஓட்டினார். அவர் கோடு நாமக்கல் ரோடு மாதிரி சப்பையாகக் கிடந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தரகுச் செலவைக் கழித்தால் நஷ்டம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பைதானுக்குக் காய்ச்சலா?" என்றேன். அடுத்த இரண்டு நாளும் அவருடைய எழுபது வரியில் குற்றம் தேடினேன். தேதி தப்பு என்றேன், சரியாக இருந்தது. சராசரி தப்பு என்றேன், அதுவும் சரியாக இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. என் ஏழு வரியை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு வரியில் என்ன தப்பு இருக்கப் போகிறது?

வெள்ளிக்கிழமை மத்தியானம், டீ வந்த நேரம். ஆத்தூர்க்காரர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. நான் ஒவ்வொரு நாளா நடந்து போறேன். காலையில ஒன்பதேகால், சந்தை தொறக்குது. இன்னிக்கு முடிவு விலை என்னான்னு நீங்க பாக்கச் சொல்றீங்க. நான் அத எங்கேர்ந்து எடுக்கட்டும்?"

"அதான் தெரியுமே!" என்றேன் எரிச்சலோடு.

"எப்படித் தெரியும்?"

"விடியறதுக்கு முன்னாடியே சொல்லிருவாங்கல்ல..."

சொல்லி முடிப்பதற்குள் என் காதிலேயே அது விழுந்துவிட்டது. யார் சொல்லுவார்கள்? எதைச் சொல்லுவார்கள்? சொல்லுவது முட்டை விலை! நாளைக்கு முட்டை என்ன விலை என்று எங்கள் ஊரில் முந்தின நாளே விலைக் குழு அறிவித்துவிடும். என் அப்பா சாயந்திரம் போனில் விலை கேட்டுக்கொண்டு, மறுநாள் காலை அந்த விலைக்கு லாரி ஏற்றுவார். நான் அப்படியே வளர்ந்தவள். ஒரு நாளின் விலை அந்த நாள் விடியும்போது கையில் இருக்கும் என்பது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததில்லை, சோற்றோடு சேர்ந்து உள்ளே போனது. பங்குச் சந்தையில் இருபது வருடம் இருந்தும், பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்து உட்கார்ந்ததும் என் விரல் தானாகப் பூஜ்யம் போட்டிருக்கிறது. அவரும் அதே சோறு தின்றவர். அதனால்தான் தலையாட்டினார்.

சாயந்திரம் முடிகிற விலையைப் பார்த்துவிட்டு, அன்று காலையிலேயே வாங்கியதாக என் ஸ்கிரிப்ட் கணக்குப் போட்டிருக்கிறது. விடைத்தாளை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினால் யார்தான் முதல் வகுப்பில் தேற மாட்டார்கள்? சூத்திர மொழி இதைத் தடுக்கவில்லை. அதற்கு நேற்று இல்லை, நாளை இல்லை, பத்து வருடமும் ஒரே தட்டில் இருக்கிறது. ஆத்தூர்க்காரர் நாள் நாளாக நடக்கிற மாதிரி எழுதியதால், வராத நாளின் விலையை எடுக்கப் போன இடத்தில் முட்டி நின்றார். முந்தின நாள் விலையைப் பார்த்துக் காலையில் வாங்குவதாக மாற்றிக்கொண்டார். நடக்கக்கூடிய வழி அது ஒன்றுதான். உடனே பைதான் ஜெயித்துவிட்டது என்று கை தட்டாதீர்கள். பைதானிலும் மொத்தமாக விழுங்குகிற வழி இருக்கிறது. அதில் எழுதியிருந்தால் அவரும் என்னோடு அதே குழியில் விழுந்திருக்கலாம். ஆனால் அவர் விழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் வீட்டில் கோழி இல்லை.

பூஜ்யத்தை ஒன்று ஆக்கி ஓட்டினேன். மலைப்பாதை போய்விட்டது. அவர் கோடும் என் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. ஆத்தூர்க்காரர் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. என் டீ ஆறிப்போனதைப் பார்த்துவிட்டு வேறு டீ சொன்னார். இரண்டு நாளாக நான் அவரைப் படுத்தியதற்கு அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியம். அப்போது மணி நாலு. நான் அந்த நிமிடமே புதுச்சத்திரத்துக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

முதலாளி, "பதறாதீங்க. நல்லா இன்னொரு தடவ சரிபாத்துட்டு நாளைக்குச் சொல்லலாம். இப்பவே சொன்னா நம்ம பேரு என்னாகும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆறு பேர் சம்பளம் அவர் தலையில். நானும், "ஆமாங்க, சரிபார்த்துட்டே சொல்லிக்கலாம்" என்றேன். சரிபார்க்க ஒன்றுமே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மனுஷர், "அம்மிணி சொன்னாச் சரிங்க" என்று சொன்ன வாய்க்கு எதிரே, "தப்புங்ணா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வெட்கம், அவ்வளவுதான். அதற்கு நான் வைத்த பெயர் சரிபார்ப்பது.

ஹேச்சரிக்குச் சனிக்கிழமைக்குள்தானே சொல்ல வேண்டும், மத்தியானம் வரை நேரம் இருக்கிறது, நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை முதல் வேலையாக பஸ் ஏறினேன். எட்டரைக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். காலி ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். அவர் மனைவி ஒரு கையால் சேலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு வந்து, "ஏனுங் அம்மிணி, வெடியாலயே வந்திருக்கற. உள்ள வா, காப்பி குடி" என்றார். பேசுவதற்குள் இரண்டு தடவை இருமினார்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. "அண்ணா, நான் எழுதினது தப்புங்ணா. அந்த லாபம் நிஜமில்ல. முட்டை விலையாட்டம் பங்கு விலையும் காலையிலயே தெரிஞ்சிரும்னு வச்சு எழுதிப்போட்டேன். சரியா ஓட்டினா ஒன்னும் மிஞ்சலீங்க."

முதலாளிக்கு இதை விளக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இவருக்கு அரை நிமிடம் ஆகவில்லை. "அட ஆமா" என்றார். "சாயங்காலத்து விலைய வெடியால எவன் சொல்லுவான்? நானும் தலைய ஆட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன் பாரு."

"குஞ்ச எடுத்துக்கறேன்னு ஹேச்சரிக்குச் சொல்லிருங்ணா. மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்குதில்லீங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏழு மணிக்கே கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிப்போட்டனே சாமி."

இருந்தாலும் என் எதிரிலேயே மறுபடி கூப்பிட்டார். ராசிபுரம் பக்கத்தில் யாரோ காத்திருந்தார்களாம், அப்போதே கொடுத்துவிட்டார்களாம். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளேயிருந்து காப்பியோடு வந்த அவர் மனைவி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "அப்ப மறுக்காக் கோழிதானுங்களா?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். வாங்கின காப்பியை நான் அப்படியே திண்ணையில் வைத்தேன்.

"எப்ப தெரிஞ்சுது அம்மிணி உனக்கு?" என்றார் அண்ணா.

பொய் சொல்லியிருக்கலாம். இன்று காலையில் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? "நேத்து நாலு மணிக்குங்ணா" என்றேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்து, பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஏற்றிவிட்டுப் போனார்.

பத்து வாரம் அந்த ஷெட் காலியாகக் கிடந்தது. வேலையாக நாமக்கல் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அது தெரியும். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்போடு நிற்கும். நான் அந்த இடம் வந்தால் எதிர்ப் பக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துகொள்வேன். அப்புறம் கேள்விப்பட்டேன்: அந்தப் பத்து வாரத்தில் அவர் மனைவிக்கு இருமல் குறைந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த முறையும் அவர் குஞ்சு எடுக்கவில்லையாம். ஷெட்டை லாரி உதிரி பாகம் போட்டு வைக்க ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டாராம். வருமானம் பாதிதான். கேட்டவர்கள், "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்கள். அவர்கள் சொல்லட்டும். அதை வைத்து நான் என் தப்பைக் கழுவிக்கொள்ள முடியாது. அந்த முடிவை எடுத்தது அவர், நான் இல்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு சாயந்திரத்தை நான்தான் தின்றேன்.

ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி அலுவலகப் படியேறி வந்தார். கையில் ஒரு நோட்டு. புது விதி ஒன்று எழுதி வைத்திருந்தார். சின்னத் தொகைதான் போடப்போவதாகவும், முதலில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "அம்மிணிகிட்டயே கொடுத்திரலாமுங்க. இப்ப ரொம்ப கவனமா இருக்காங்க" என்றார்.

அண்ணா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆத்தூர்க்காரரைக் காட்டி, "அவரு எழுதட்டும்" என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. நியாயம்தான், ஆறு மாதமாக இதற்குத்தானே காத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டு, மேசையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தேன். முதலாளி தயங்கித் தயங்கி, "அவங்க மேல வருத்தமுங்களா?" என்று கேட்டார்.

"வருத்தமா? எதுக்குங்க?" என்றார் அண்ணா. "நாலு மணின்னு நெசத்தச் சொல்லுச்சே, அந்தப் புள்ள மேல எனக்கென்ன வருத்தம்? இந்த நாற்காலியில வேற ஊரு ஆளு உக்காந்து எழுதியிருந்தா நான் அன்னைக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். நம்மூட்டுப் புள்ளன்னு ஒரு கேள்வி கேக்காம போண்டா தின்னுட்டுப் போனேன். இன்னைக்கும் அது எழுதினா நான் கேக்க மாட்டனுங்க."

நோட்டை எடுத்துக்கொண்டு ஆத்தூர்க்காரர் மேசைக்குப் போனார். அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரி எழுதுவதற்கு முன்பே கேட்டார்: "ஏனுங்க, காலையில ஒன்பதேகாலுக்கு இதுக்கு என்னென்ன தெரியும்? மொதல்ல அதச் சொல்லுங்க."

ஆத்தூர்க்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் இருவருக்கும் பின்னால் போட்டு உட்கார்ந்தேன்.